அப்பாவின் ரேடியோகிராமைத் திருத்திய பாலையூற்றுப் பட்டறை

முதலில் காசுக் கணக்கு. திருகோணமலையில் ஒரு கடையைப் பற்றி யாரிடம் வாய் திறந்தாலும் முதல் கேள்வி அதுதான். மொத்தம் 23,500 ரூபா. ரப்பர்ச் சக்கரத்துக்கு 6,500, புது ஊசித்தலைக்கு 8,000, கொண்டென்சர்களுக்கும் ஒரு வால்வுக்கும் 4,000, மிச்சம் 5,000 பட்டறைக்கார அண்ணையின் கூலி. பதினோரு கிழமை எடுத்தது. காசு ஒரு சதம் கூட அதிகமில்லை. நாள் அதிகம்தான், அதைப் பிறகு சொல்கிறேன். பழைய ரேடியோகிராம், ரெக்கோர்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் ஒருமுறை பாலையூற்றுக்குப் போய்ப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது அப்பாவின் பெட்டி. அப்பா டொக்யார்ட்டில் களஞ்சியப் பகுதியில் கிளார்க்காக இருந்தவர். 1957 இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனபோது, போகிற குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு வீட்டில் அப்பா வாங்கியது இந்த ரேடியோகிராம். மேலே மூடி, மூடிக்குள் இசைத்தட்டைச் சுற்றும் கரார்ட் கொம்பனிச் சுழலி, கீழே வால்வு ரேடியோ. இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தாராம். அம்மா இன்றைக்கும் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

அந்த ரேடியோவில்தான் அப்பா இரவில் ரேடியோ சிலோன் ஆங்கில வர்த்தக சேவையைக் கேட்பார். 1950 இல் தொடங்கிய அந்தச் சேவையை இந்தியாவிலும் காத்திருந்து கேட்ட காலம் அது. எங்கள் வீட்டில் தேவாரமும் அதில்தான் வந்தது, எல்விஸும் அதில்தான் வந்தார். இரண்டுக்கும் அப்பா மேசையில் விரலால் தட்டுவார். நான் பேஸ் கிட்டார் பிடித்ததற்குக் காரணம் அந்த விரல்கள்தான் என்று நினைக்கிறேன். 1979 இலிருந்து கலியாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று உவர்மலையிலிருந்து நிலாவெளி வரைக்கும் வாசித்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் சனி ஞாயிறுகளில் இன்னும் வாசிக்கிறோம்.

1990 இல் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது கூரை பாதிதான் இருந்தது. ரேடியோகிராம் மட்டும் மூலையில் சாக்கு மூடினபடி அப்படியே நின்றது. சுவிட்சைப் போட்டால் ரேடியோ கரகரத்தது. தட்டு சுற்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டொப், டொப் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் அதன்மீது குத்துவிளக்கும் படங்களும் வைத்திருந்தோம்.

இப்போது ஏன் திருத்த நினைத்தேன்? ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் போன வருசம் வந்தபோது ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து கையில் வைத்தார். ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பழைய பதிப்பை அப்படியே திரும்ப அச்சடித்தது. மஞ்சள் லேபல், அதில் சூரியக் கதிர்களுக்கு முன்னால் ஒரு சேவல். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து சன் ரெக்கோர்ட்ஸ் கொம்பனியின் அடையாளம் அது. பாடியவர் சொனி பேர்ஜஸ். ஒரு பக்கம் 'ரெட் ஹெடட் வுமன்', மறு பக்கம் 'வி வோனா பூகி'. சன் கொம்பனியின் 247 ஆம் இலக்கத் தட்டு, 1956.

பேர்ஜஸின் பேசர்ஸ் பாண்டை எனக்கு மச்சான்தான் முன்பே அறிமுகப்படுத்தினவர். ஒரு சீடியில் அவர்களின் பாட்டுகள் அனுப்பியிருந்தார், கேட்டுக் கேட்டு அது கீறிப்போனது. ரொக்கபில்லி, அதாவது 1950களில் அமெரிக்காவில் கன்ட்ரியும் புளூஸும் கலந்து வந்த ஆரம்ப ரொக் அண்ட் ரோல், என்றால் எல்விஸ், கார்ல் பேர்க்கின்ஸ், ஜொனி காஷ் என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களில் அதிகம். சொனி பேர்ஜஸும் பேசர்ஸும் அந்த வரிசையில் வரமாட்டார்கள். அமெரிக்கா முழுக்கப் பிரபலமான ஒரு பாட்டுக்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பிரதேசத்து பாண்ட் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

ஊர் நியூபோர்ட், ஆர்கன்சா மாநிலத்தில், வைட் ஆற்றங்கரையில். பருத்தியும் நெல்லும் விளைகிற சமவெளி. அந்த ஆற்றில் சிப்பி எடுத்து, ஓட்டில் வட்டமாகத் துளைத்துச் சட்டைப் பொத்தான் செய்யும் தொழில் ஒரு காலத்தில் நடந்ததாம். இதை வாசித்தபோது எனக்கு அந்த ஊர் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது. இன்னொரு காரணம் முக்கியமானது. சுற்றியிருந்த மாவட்டங்களில் மது விற்கத் தடை, நியூபோர்ட் இருந்த ஜாக்சன் மாவட்டத்தில் தடை இல்லை. அதனால் 67 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓரமாகக் களியாட்ட விடுதிகள் முளைத்தன. நியூபோர்ட்டில் சில்வர் மூன், போர்க்கிஸ் ரூஃப்டொப், கொஞ்சம் வடக்கே ஸ்விஃப்டனில் கிங் ஒஃப் கிளப்ஸ். விடுதி இருந்தால் பாண்ட் வேண்டும். பாண்ட் இருந்தால் பெடியன்கள் வாசிக்கப் பழகுவார்கள். ஒரு இசை எங்கிருந்து வருகிறது என்று பெரிய பெரிய விளக்கம் சொல்கிறார்கள், ஆனால் வாசிக்க ஒரு இடமும் ஆட ஒரு கூட்டமும் இருந்தால் அது வந்துவிடும். எங்கள் ஊரில் கலியாண வீடுகள் குறைந்து மண்டபமும் டீஜேயும் வந்த பிறகு எத்தனை பாண்டுகள் கலைந்தன என்று நான் கண்ணால் பார்த்தவன்.

பேர்ஜஸ் 1929 இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து மூன்லைட்டர்ஸ் என்ற பெயரில் வாசித்தார். 1955 இல் எல்விஸ் சில்வர் மூனுக்கு வந்தபோது அவருக்கு முன்னால் மேடை ஏறியது இவர்கள்தான். அப்புறம் மெம்பிஸுக்குப் போய் சன் ஸ்டூடியோவில் முதலாளி சாம் பிலிப்ஸிடம் வாசித்துக் காட்டினார்கள். பாண்டைக் கொஞ்சம் பெருப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொன்னாராம். ஊருக்குத் திரும்பி ஆள் சேர்த்தார்கள். கிட்டாருக்கு ஜோ லூயிஸ், ட்ரம்பெட்டுக்கு ஜாக் நான்ஸ். பியானோவில் கேர்ன் கென்னடி, நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸில் ஜொனி ரே ஹபர்ட், ட்ரம்ஸில் ரஸ் ஸ்மித். இதுதான் பேசர்ஸ்.

ட்ரம்பெட்! ரொக்கபில்லி கேட்டுப் பழகின யாரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். கிட்டார், பேஸ், ஒரு குரல் என்று ஒல்லியாகத் தொடங்கின இசை அது. வெளிவந்த எல்விஸின் முதல் தட்டில், 1954 ஜூலையில், ட்ரம்ஸே இல்லை. அவருடைய பேஸ்காரர் பில் பிளாக், பேஸின் தந்தியை இழுத்து விட, அது பலகையில் பட்டு 'டக்' என்று விழும், ட்ரம்ஸின் வேலையை அந்த டக்தான் செய்தது. அப்படியான இசைக்குள் பேசர்ஸ் ஒரு ட்ரம்பெட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களின் ஊரில் ஆட வந்த கூட்டத்துக்கு அது பிடித்தது, அதனால் வைத்திருந்தார்கள். எங்கள் பாண்டிலும் இருபது வருசம் ஒரு ட்ரம்பெட்காரர் இருந்தார், பொலிஸ் பாண்டில் பழகினவர். பைலாவுக்கு ட்ரம்பெட் எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். திருகோணமலையில் எவரும் கேட்டதில்லை.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

பெயர்ப்பலகை இல்லை. பாலையூற்றில் ஒரு வீட்டு விறாந்தையைத் தகரத்தால் நீட்டி எடுத்த இடம். வாசலில் நின்றாலே ஈயம் உருகும் மணமும் ரோசின் புகையும் மூக்கில் ஏறும். சுவரில் லூர்து மாதா படம், அதற்குக் கீழே ஒரு ஆணியில் தந்தி இல்லாத வயலின். அண்ணை பறங்கியர். அவருடைய தகப்பன் இரும்பு வேலைக்காரர், கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின் வாசித்தவர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கும் போர்த்துக்கீசப் பறங்கியரின் ஆட்டம் அது, வயலின் இல்லாமல் நடக்காது. அண்ணைக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். காது இன்னும் கூர்.

நான் பெட்டியை ஒரு லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கி வைத்ததும் அவர் மூடியைத் திறக்கவே இல்லை. "என்ன போட்டுக் கேக்கப் போறீர் தம்பி?" என்றார்.

நான் தட்டை எடுத்துக் காட்டினேன். லேபலைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துக் கோடுகளைப் பார்த்தார்.

"இது புதுசு. உம்மட பெட்டியில இருக்கிற ஊசி இதை உழுதுபோடும். முதல்ல அதை மாத்துவம்."

திருத்த வந்தவனிடம் என்ன பழுது என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன கேட்கப் போகிறாய் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்த ஒரு கேள்வியில்தான் பெட்டியை அங்கே விட்டுவிட்டு வர மனம் வந்தது.

டொப், டொப் சத்தத்துக்குக் காரணம் அவர் ஐந்து நிமிடத்தில் காட்டினார். சுழலித் தட்டைக் கழற்றினால் உள்ளே மோட்டர்த் தண்டு, அதில் படிப்படியாகத் தடிப்பு மாறும் ஒரு புல்லி. 78, 45, 33 என்று ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படி. புல்லிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையில் ஒரு ரப்பர்ச் சக்கரம் வந்து ஒட்டிக்கொண்டு சுற்றத்தைக் கடத்தும். நிறுத்தினால் சக்கரம் விலகி நிற்க வேண்டும். எங்களுடையது விலகாமல் நின்றிருக்கிறது. 1990 இல் நாங்கள் வெளிக்கிட்ட அன்று தட்டு ஓடிக்கொண்டிருந்ததா, மின்சாரம் போய் அப்படியே நின்றதா, வீட்டில் எவருக்கும் ஞாபகம் இல்லை. புல்லி ரப்பரில் அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அண்ணை என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். நகம் போகுமளவுக்கு ஆழம். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அந்த இடத்தில் துள்ளும், அந்தத் துள்ளல்தான் எங்களுக்குக் கேட்ட சத்தம்.

ரப்பரை உரஞ்சி எடுத்துப் பார்த்தார், சரிவரவில்லை. காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அச்சகங்களின் உருளைகளுக்கு ரப்பர் போடுகிற ஒரு இடத்துக்கு அனுப்பிப் புது ரப்பர் போட்டு எடுத்தார். அதற்குத்தான் ஏழு கிழமை போனது.

இங்கேதான் என் மனக்குறை. அந்த ஏழு கிழமையில் ஒருமுறையாவது இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரிடம் போன் இருக்கிறது, எடுப்பதில்லை. நான் மூன்று முறை வெயிலில் சைக்கிளில் போய் வந்தேன், இரண்டு முறை வீடு பூட்டிக் கிடந்தது. பற்றுச்சீட்டும் கிடையாது. ஒரு கொப்பியில் பெயரும் சாமானும் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். அப்பாவின் ஞாபகமாக இருக்கிற ஒரு பொருளை ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் விட்டுவிட்டு வருவது எனக்குப் பாரமாகத்தான் இருந்தது. இதை அவரிடமே சொன்னேன். அடுத்த முறை ஒரு துண்டில் எழுதித் தந்தார், கையெழுத்தும் போட்டு. நீங்கள் போனால் கேட்டு வாங்குங்கள், தருவார்.

சக்கரம் வந்த பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேகம் சரியா என்று பார்க்க அவரிடம் ஒரு கடதாசி வட்டம் இருக்கிறது, கொமியூனிகேசன் கடையில் அச்சடித்தது. வட்டத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். 33க்கு ஒரு வளையத்தில் 180 கோடு, 45க்கு இன்னொரு வளையத்தில் 133 கோடு. எங்கள் மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 முறை அலைவது, அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒரு செக்கனுக்கு 100 முறை மின்னும், கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் வட்டத்தைச் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கிறது போலத் தெரியும். கூடினால் முன்னுக்கு ஊரும், குறைந்தால் பின்னுக்கு ஊரும். எல்இடி வெளிச்சத்தில் இது சரிவராது. இதற்காகவே ஒரு பழைய டியூப் லைட்டை அவர் மேசைக்கு மேலே கட்டி வைத்திருக்கிறார், மற்ற நேரம் போடுவதில்லை.

அன்றைக்குக் கோடுகள் மெல்லப் பின்னுக்கு ஊர்ந்தன. அண்ணை புல்லியை ஒரு துணியால் துடைத்தார், தட்டின் நடுத்தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், சக்கரத்தை இழுக்கிற சிறிய ஸ்பிரிங்கைக் கழற்றி அரைச் சுற்று வளைத்துப் போட்டார். மறுபடி சுற்றவிட்டார். கோடுகள் தயங்கி, தயங்கி, நின்றன. தட்டு சுற்றுகிறது, அதில் கிடக்கும் கோடு நிற்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் டியூப் லைட்டை அணைத்தார்.

அடுத்த பிரச்சினை நடுத்துளை. அமெரிக்க 45 தட்டுக்கு நடுவில் 38 மில்லிமீற்றர் அகலமான துளை, எங்கள் கரார்ட்டின் தண்டு சின்ன விரலை விட மெலிந்தது. இடையில் போட ஒரு வட்டம் வேண்டும். பிளாஸ்டிக்கில் வாங்கலாம், ஆனால் அண்ணை தன்னிடம் கிடந்த முதிரை மரத் துண்டை லேத்தில் கடைந்து ஒன்று செய்தார். வடிவாக இருந்தது, தேன் நிறம். போட்டு ஓட்டினோம். பாட்டு வந்தது, முழுப் பாட்டும் வந்தது, நான் சந்தோசத்தில் சிரித்துவிட்டேன். அவர் கையை உயர்த்தினார்.

"பியானோவைக் கேளும்."

கேட்டேன். நீண்டு நிற்கிற சுரங்கள் மெல்ல ஏறி இறங்கின, தண்ணீரில் ஆடுகிற வள்ளம் மாதிரி. முதிரை வட்டத்தின் துளை நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகியிருந்தது. தட்டு அச்சில் நிற்காமல் ஆட, சுரமும் கூட ஆடுகிறது. வயலின் கேட்டு வளர்ந்த காது அது, நான் விட்டிருப்பேன், அவர் விடவில்லை. அந்த வட்டத்தை ஜன்னலில் வைத்துவிட்டு இன்னொன்று கடைந்தார். இரண்டாவது வட்டத்தில் பியானோ அசையாமல் நின்றது. அதற்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை. முதல் வட்டத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், திறப்புக் கோவையில் தொங்குகிறது.

ஊசித்தலையையும் சொல்லிவிட வேண்டும். பழைய தலை தட்டை அழுத்தும் பாரம் மிக அதிகம். புதுத் தலையைப் பொருத்தி, நகைக்கடைத் தராசு ஒன்றில் ஊசியை வைத்து 5 கிராமுக்கு இறக்கினார். ஒற்றை ஒலித்தடத்துக்கு இணைப்பைச் சரிபார்த்தார். வால்வுப் பகுதியில் காய்ந்துபோன கொண்டென்சர்களை மாற்றினார். இதெல்லாம் சொன்னபடி நடந்தது.

இரண்டாவது வட்டம் சரிவந்த பிறகு அதே தட்டை நான்கு முறை கேட்டோம். மூன்றாவது தரம் அவர் ட்ரம்பெட்டைக் காட்டிக் கேட்டார், "இந்தக் குழல்காரன் ஆர்?" நான் ஜாக் நான்ஸைப் பற்றிச் சொன்னேன். மேடையில் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டி, அப்படியே நின்று வாசித்ததைச் சொன்னேன். பூச்சி ஆட்டம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், கற்பனைப் பூச்சியை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து துள்ளுவார்கள். பேர்ஜஸ் தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் அடித்து, சிவப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றார். அண்ணை சொன்னார், அவருடைய தகப்பனும் வயலினைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பாராம், பெண்வீட்டார் காசு குத்துவார்களாம். இருவரும் ஒரே ஊரைப் பற்றிக் கதைப்பது மாதிரி இருந்தது.

அந்தப் பாட்டின் ஒலியைப் பற்றியும் ஒன்று. நல்ல ஸ்டூடியோவில் எடுத்த சுத்தமான பதிவு வேண்டுமென்றால் இது உங்களுக்கு இல்லை. குரல் கத்துகிறது, கிட்டார் கிழிகிறது, ட்ரம்பெட் கதவை உதைத்துக்கொண்டு வருகிற மாதிரி வருகிறது. சாம் பிலிப்ஸ் இரண்டு டேப் இயந்திரங்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒரு கண்ணிமைப்பு தாமதித்து ஒலியை விட்டு, தட்டலுக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய தட்டல் வரும்படி செய்வார். அந்தச் சின்ன அறைக்குள் கூட்டம் நிற்கிற உணர்வு அதால் வருகிறது. சீடியில் இதைக் கேட்டபோது இரைச்சலாக இருந்தது. வால்வு ரேடியோகிராமின் ஒற்றை ஸ்பீக்கரில், அந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து வரும்போது, எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசிக்கிறார்கள் என்று தெரிகிறது. பேஸ் அடியில் கிடக்கிறது, ஆனால் கிடக்கிறது. முன்பு அந்த இடத்தில் மோட்டரின் உறுமல்தான் கேட்டது. பேஸ் வாசிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் ஒன்றே 23,500 ரூபாவுக்குப் போதும்.

பேசர்ஸ் பிறகு என்ன ஆனார்கள் என்று அண்ணை கேட்டார். சன் கொம்பனியில் இன்னும் சில தட்டுகள் வந்தன, பெரிதாகப் போகவில்லை. அவர்கள் பதிவுசெய்த ஒரு பழைய பாட்டைப் பாடகர் ரிக்கி நெல்சன் எடுத்துப் பாட, அது அவருக்குத்தான் ஓடியது. பாண்ட் கலைந்தது. பேர்ஜஸ் கொஞ்சக் காலம் பாடகர் கொன்வே ட்விட்டியுடன் வாசித்தார், பிறகு பயண விற்பனையாளராக வேலை செய்தார். ஊர் ஊராகச் சாமான் விற்றுக்கொண்டு திரிந்த அந்த வருசங்கள்தான் என் மனதில் நிற்கிறது. 1980களில் சன் கொம்பனியின் பழைய ஆட்கள் சேர்ந்து சன் ரிதம் செக்சன் என்று தொடங்க, அதில் போய் நின்றார். அப்புறம் பேசர்ஸையே லெஜன்டரி பேசர்ஸ் என்ற பெயரில் மறுபடி கூட்டினார். ஜோன்ஸ்பரோவில் ஒரு வானொலியில் நிகழ்ச்சியும் நடத்தினார். 2009 இல் ஆர்கன்சா அரசு, அந்த விடுதிகள் நின்ற 67 ஆம் நெடுஞ்சாலைப் பகுதிக்கு ரொக் அண்ட் ரோல் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தது. பேர்ஜஸ் 2017 ஓகஸ்ட்டில் 88 வயதில் காலமானார்.

அண்ணை கேட்டுவிட்டு, "கடைசி வரைக்கும் வாசிச்சவரோ?" என்றார். வாசித்தார் என்றேன். "அப்ப சரி," என்று ஸ்குரூட்ரைவரை எடுத்துப் பின்பலகையைப் பூட்டத் தொடங்கினார்.

வீட்டில் பெட்டி வந்து இப்போது இரண்டு மாதம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் கூட்டினால் மெல்லிய ஒரு இரைச்சல் இருக்கிறது, பாட்டு இல்லாத இடத்தில் கேட்கும். மின்மாற்றியையே மாற்றினால்தான் போகும், அது இப்போது கிடைக்காது என்றார், எனக்கும் அது பரவாயில்லை. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற அமைப்பை அவர் வேண்டுமென்றே திருத்தவில்லை. புதுத் தட்டுகளை அப்படி விழவைக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார். நான் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார், ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அம்மாவுக்கு 87. முதல் ஞாயிறு தேவாரத் தட்டு ஒன்றைப் போட்டேன், அப்பா வாங்கியது, 78 சுற்று. கதிரையைப் பெட்டிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்புறம் மச்சானின் தட்டைப் போட்டேன். ட்ரம்பெட் வந்ததும் அம்மா, "இது கோயில்ல வாசிக்கிற குழல் எல்லோ," என்றார். கதிரையின் கையில் அவருடைய விரல் தட்டிக்கொண்டிருந்தது. அப்பா தட்டின மாதிரி இல்லை, கொஞ்சம் பிந்தி.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள், ஞாயிறு போகாதீர்கள், பூசைக்குப் போய்விடுவார். கேட்க விரும்புகிற தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் அவர் வேலை தொடங்க மாட்டார். சீடி பிளேயர், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் தொடுவதில்லை. வால்வு ரேடியோ, டேப், சுழலி மட்டும். முற்பணம் கேட்டால் துண்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு மாதத்துக்குள் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள், அவசரப்படுத்தினால் கோபிப்பார்.

போன கிழமை எங்கள் பாண்டின் பழைய டேப் ரெக்கோடரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1983 இல் நாங்கள் வாசித்த ஒரு கலியாண வீடு அதற்குள் இருக்கும் ஸ்பூலில் இருக்கிறது, எங்கள் ட்ரம்பெட்காரர் உயிரோடு இருந்தபோது எடுத்தது. அண்ணை ஸ்பூலை மணந்து பார்த்தார். கொப்பியில் எழுதினார், எனக்கும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். "கோயில் திருவிழா முடியட்டும், பிறகு வாரும்," என்றார்.